சாம்பவியின் ஜக்கெட் ஆறும்வரை

சத்தியம். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினால் தட்டட்டும், உரக்கவே சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் புளுகு இல்லை. என் சொந்தப் பல் வாயில் இருந்த காலத்தில் நான் சொன்ன எதையும் நீங்கள் நம்ப வேண்டாம். சுவிஸுக்கு வந்த முதல் மாரியில் என் மீசை உறைந்து ஒடிந்து கையோடு வந்ததையும், அதைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டு ஹோட்டல் குசினிக்கு வேலைக்குப் போனதையும் நம்பவே வேண்டாம். நடந்ததுதான், ஆனால் விடுங்கள். இது நான் பல்செட் கட்டின பிறகு நடந்தது. பல்செட்டோடு பொய் சொன்னால் அது கழன்று மடியில் விழுந்துவிடும். இதோ வாய்க்குள்ளேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மலையூரில் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குப் போட்டி வந்தால் ஊர்ச் சங்கத்தில் ஆளுக்கொரு வேலை. ஒருவர் கம்பம் நடுவார், ஒருவர் சூப் ஊற்றுவார், ஒருவர் விடியவே வாளியோடு போய்த் தடத்தில் உப்பு வீசுவார். ஆமாம், உப்புத்தான், நாங்கள் கருவாட்டுக்குப் போட்ட அதே உப்பு. இளகின பனியில் வீசினால் அது கல்லாக இறுகும், கொஞ்ச நேரத்துக்கு. எனக்குத் தந்தது ஜக்கெட் வேலை. மேலே தொடக்கக் கூடாரத்தில் பிள்ளைகள் காலில் சறுக்குப் பலகையும் தோல் போல ஒட்டின மெல்லிய உடுப்புமாக நிற்பார்கள், அதற்கு மேல் தடித்த ஜக்கெட். முறை வந்ததும் அதைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் பாய்வார்கள். நான் சாக்கில் கட்டி, கம்பியில் தொங்கிப் போகும் கதிரை லிப்டில் கீழே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று சங்கத்தார் நினைத்தார்கள். அடுத்தவர் கழற்றித் தந்த ஜக்கெட், அதன் சூடு ஆறும் வரைக்கும், அவருடைய நினைப்பை எனக்குச் சொல்லும். சிரிக்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுடையதில் பசிதான் இருக்கும். சிலதில் ஏதோ பாட்டின் ஒரே வரி, கீறல் விழுந்த ரெக்கோர்ட் மாதிரி. சாம்பவியின் ஜக்கெட்டில் இருந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

சாம்பவிக்கும் டிலக்சிக்கும் பதினைந்து வயது. இரண்டு பேரின் தகப்பன்மாரும் ஒரே ஹோட்டல் குசினியில் ஒரே மேசையில் மரக்கறி வெட்டுகிறவர்கள். அந்த ஊர்ச் சங்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் என்று இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும்தான் அதில் வேகமானவர்கள். கன்டோன் அணிக்கு, அதாவது மாநில அணிக்கு, எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை எடுப்பார்கள், அது அன்றைய போட்டியில் முடிவாகும். டிலக்சி முந்தியே இறங்கிவிட்டாள். ஒரு வழக்கம் உண்டு, இது மாறாது: போய் முடித்தவள் கீழே நின்று வோக்கிடோக்கியில் மேலே நிற்கும் தன் சங்கத்துப் பிள்ளைக்குத் தடம் எப்படி என்று சொல்ல வேண்டும். மேல் வோக்கி என் கழுத்தில் தொங்கியது. மற்றச் சங்கக்காரருக்கு விளங்கக்கூடாது என்று இந்த இரண்டு பேரையும் ட்ரெயினர் ரேட்டோ தமிழிலேயே பேச விட்டிருந்தார். ஆகவே அன்று அந்த மலையில் அதைக் கேட்டு விளங்கிக்கொண்டவர்கள் சாம்பவியும் நானும்தான். "சாம்பு, கேக்குதே? எருமை, காதைத் திறந்து கேள். ஒட்டகத்துக்கு முன்னால பிரேக் பிடிக்காத. கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, பலகை நல்லாப் பிடிக்குது. மேலால போய் விட்டுடு. நான் பயந்து பிடிச்சனான், அதிலதான் என்ர நேரம் போச்சு. விளங்கிச்சே? எருமை, விட்டுடு." ஒட்டகம் என்பது தடத்தின் நடுவில் உள்ள திமில். சாம்பவி வோக்கிக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்து "ஓம்" என்றாள். பிறகு ஜக்கெட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள். "புளுகுத் தாத்தா, கீழ விழுத்திப்போடாதேங்கோ."

நான் அதை என் கோட்டுக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டேன். இனிமேல் 'நான்' என்று வந்தால் அது இந்தக் கிழவன் இல்லை, சாம்பவி. இடையில் முழங்கால் வலி ஏதும் கேட்டால் அதை மட்டும் என் கணக்கில் எழுதுங்கள். விட்டுடு, விட்டுடு, பிடிக்காதே என்கிறாள், காலையில் ரேட்டோ பிடி என்றார், ஒட்டகத்துக்கு முன்னால் சிவப்புக் கம்பத்தில் கொஞ்சம் பிடித்து வேகத்தை உடைத்துவிட்டுப் போ என்றார், எல்லோரும் கண்ணை மூடிக் கையை மீன் போல வளைத்து வளைத்துத் தடத்தை மனப்பாடம் செய்தோம், அவளும் என் பக்கத்தில் நின்றுதான் கையை வளைத்தாள், சிவப்பில் அவளுடைய கையும் நின்றது, நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், நின்றது, இப்போது பிடிக்காதே என்கிறாள், ஒட்டகத்தில் வேகமாக ஏறினால் காற்றில் தூக்கும், இறங்கும் இடத்தில் நீலக் கம்பம், அதற்கு அப்பால் வலை, வலைக்கு அப்பால் மரம், மரம் மரமாகத்தான் நிற்கும், காலில் பெருவிரல் மரத்துப் போச்சு, அம்மா இப்போது ஹோட்டல் சலவை அறையில் விரிப்பு மடிப்பாள், வெள்ளை எண்டாலே எனக்குப் பயம் பிள்ளை என்பாள், நாள் முழுக்க வெள்ளையைத்தான் மடிப்பாள், யன்னலால் மலை தெரியும், போட்டி நாளில் முதுகைக் காட்டி நின்று மடிப்பாள், அப்பா குசினியில் ஒரு தமிழ்ப் பிள்ளை கன்டோன் அணிக்குப் போகப்போகுது என்று சொன்னாராம், எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை, டிலக்சியின் அப்பா பக்கத்தில் லீக்ஸ் தண்டு வெட்டிக்கொண்டிருந்தாராம், பிறகு இரண்டு பேரும் கத்தியை மட்டும்தான் பேசவிட்டார்களாம், அவளுக்கு நேரம் போச்சாம், அப்படியென்றால் நான் கொஞ்சம் பிடித்துப் போனாலும் வெல்லலாம், இல்லை, அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் பிடிக்காதே என்கிறாளா, நான் விழுந்தால் பிடித்துப் போனவளுக்குத்தான் இடம், இதை ஏன் நினைக்கிறேன், இதை நினைக்கிற ஆள் நான், ஏனென்றால் செய்த ஆளும் நான், போன மாசி, இதே வோக்கி, நான் கீழே அவள் மேலே, நீலக் கம்பத்துக்குக் கீழ்ப் பனி கிழிந்து புல் தெரிந்தது, என் பலகை அதில் தடக்கியது, கண்டேன், பொத்தானை அமத்தினேன், புல் என்று ஒரு சொல், அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும், மூச்சு வாங்கியது, மறந்துபோனேன், இல்லை, மறக்கவில்லை, விரல் பொத்தானில் இருந்தது, எல்லாம் நல்லாக் கிடக்கு என்றேன், நல்லாக் கிடக்கு, அவள் வந்தாள், புல்லில் வந்தாள், கணுக்கால், அந்தச் சத்தம், அவள் போக வேண்டிய போட்டிப் பயணத்துக்கு நான் போனேன், கட்டுப்போட்ட காலில் என்னைத்தான் முதலில் பெயர் எழுதச் சொன்னாள், பேனையைத் தரும்போது என் கண்ணைப் பார்த்தாள், பார்த்தாளா, சாம்பு, உனக்கும் அது தடக்கினதோ என்று கேட்டாள், இல்லை என்றேன், சரி என்றாள், சரி என்றால் என்ன, ஒரு வருஷமாக அந்தச் சரி என் வயிற்றில் கிடக்கிறது, தெரிந்தவள் சரி என்பாளா, தெரியாதவள் அப்படிப் பார்ப்பாளா, இண்டைக்குத்தான் அந்தச் சரிக்குப் பதில் வருகிறதா, பிடிப்பதா விடுவதா, பிடித்தால் அவள் பொய்க்காரி, விட்டால்,

அவளுடைய நினைப்பு அந்த இடத்தில் கத்தரித்தாற்போல நின்றது. ஜக்கெட் ஆறவில்லை. தொடக்கக் கோட்டில் நின்ற பெண்மணி கையைக் குறுக்கே நீட்டினாள். முன்னால் போன ஒரு பிள்ளை ஒட்டகத்துக்கு வர முந்தியே விழுந்து ஓரத்து வலையைக் கிழித்துவிட்டதாம், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, வலையைத் தைக்க வேண்டும், பொறுங்கள் என்றாள். கீழே நின்ற ரேட்டோ டிலக்சியிடமிருந்த வோக்கியை வாங்கிக்கொண்டு வலைக்கு ஓடிவிட்டார், மேலே ஏதும் சொல்ல அவள் கையில் இனி ஒன்றும் இல்லை. சாம்பவி பல்லுக் கிடுகிடுக்க என்னிடம் வந்தாள்.

"தாத்தா, ஜக்கெட்டைத் தாங்கோ."

"இப்பதான் போட்டுப் பாப்பமெண்டு இருந்தனான்."

"உங்கட வண்டி வயித்துக்கு அது கொள்ளாது."

"என்ர வண்டி ஒரு காலத்தில கப்பலையே மூழ்காமத் தாங்கினது, தெரியுமோ?"

"போன கிழமை அது திமிங்கிலம் எண்டு சொன்னீங்கள்." ஜக்கெட்டுக்குள் புகுந்து கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு மலையைப் பார்த்தபடி கேட்டாள். "தாத்தா, பொய் சொல்லுறவைக்கு, மற்றவை பொய் சொன்னா உடன தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் எல்லாரையும் நம்பிப்போடுவன். அதுதான் என்ர வருத்தம்."

அவள் சிரிக்கவில்லை. வெயில் மலை முகட்டைத் தாண்டி வந்தது. காலை முழுக்கப் பஞ்சு மாதிரிக் கிடந்த மூடுபனி எங்கேயோ போய்விட்டது. கூடாரத்தின் ஓரத்திலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. முதலில் ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. நான் முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நல்ல சுகம் என்று நினைத்தேன். மற்றப் பிள்ளைகளும் முகத்தைக் காட்டினார்கள். கீழே வலை தைக்கிறவர்கள் சிறு எறும்பாகத் தெரிந்தார்கள், அவசரமில்லாத எறும்பு. சாம்பவி கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் காற்றில் வளைத்தாள். சிவப்பு வரும் இடத்தில் கை நின்றது. திரும்ப முதலிலிருந்து வளைத்தாள். நின்றது. திரும்ப வளைத்தாள்.

பிறகு சரி என்றார்கள். அவள் ஜக்கெட்டை இரண்டாந்தரம் கழற்றித் தந்தாள், அது முந்தினதை விடச் சூடாக இருந்தது, அடுப்பிலிருந்து இறக்கின பாண் போல. இனித் திரும்பவும் சாம்பவியின் 'நான்'. பிடி, விடு, பிடி, விடு, இது சப்பாத்து மாதிரி, ஏன் சப்பாத்து, முதல் மாரியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சோடி பலகை, ஒரு சோடி சப்பாத்து, யாரோ ஹோட்டலில் விட்டுப்போனது, ஒருத்தி சறுக்கி வரும்வரைக்கும் மற்றவள் கீழே காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு துள்ளுவாள், கெதியா வாடி, கால் கழண்டு விழப்போகுது என்று கத்துவாள், வந்ததும் பனியில் குந்தியிருந்து கழற்றுவோம், அவள் காலை எடுத்த உடனே நான் காலை விடுவேன், உள்ளே சூடாக இருக்கும், அவள் காலின் சூடு, ஈரமும்தான், மணமும்தான், சீ எருமை, காலைக் கழுவ மாட்டியே என்பேன், நீ கழுவினதைக் கண்டனான் போடி என்பாள், எருமை, எப்போதும் எருமைதான், விழுந்தால் எருமை, வென்றால் எருமை, என் அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று சலவை அறையில் விரிப்புக் குவியலுக்குள் ஒளிந்திருந்து அழுதேன், எருமை, வெளியில வா, சாப்பிடு என்றாள், மாசியில் நான் அவளை என்னவென்று கூப்பிட்டேன், எல்லாம் நல்லாக் கிடக்கு என்றேன், அதோடு இன்னொன்று சொன்னேன், அதை இவ்வளவு நாளும் நினைக்காமலே விட்டேன், செல்லம் என்றேன், எல்லாம் நல்லாக் கிடக்கு செல்லம், பயப்பிடாம வா, செல்லம், என் வாயில் அந்தச் சொல் அதற்கு முன்னும் வந்ததில்லை பின்னும் வந்ததில்லை, பொய் சொன்னபோதுதான் வந்தது, எனக்கே அது இனித்தது, அவள் கேட்டிருப்பாள், அவளுக்கு அந்த ஒரு சொல் போதும், அவளுக்குத் தெரியும், அப்போதே தெரியும், தெரிந்துகொண்டுதான் பேனையைத் தந்தாள், தெரிந்துகொண்டுதான் சரி என்றாள், இன்றைக்கு என்ன சொன்னாள், எருமை என்றாள், இரண்டு தரம், காதைத் திற என்றாள், ஏமாற்ற நினைத்தவள் ஏசுவாளா, நான் பயந்து பிடிச்சனான் என்றாள், டிலக்சி பயந்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை, என்னிடம் சொன்னாள், அது சப்பாத்துச் சூடு மாதிரி, காலை எடுத்துவிட்டு உடனே தந்துவிட்டாள், விடுகிறேன், எருமை, விடுகிறேன், கீழே வந்ததும் முதலில் அதைத்தான் சொல்லுவேன், மாசியில் புல்லைக் கண்டேன் என்று, விரல் பொத்தானில் இருந்தது என்று, கன்னத்தில் அறையட்டும், நேரம் காட்டும் பலகையில் என் நேரம் விழுவதற்கு முந்தியே சொல்லிவிடுவேன், வயிற்றில் இருந்த அந்தச் சரி எங்கே, இல்லை, பசிக்கிறது, ஐயோ எனக்குப் பசிக்கிறது,

பீப், பீப், பீப் என்று கருவி கத்தியது. பாய்ந்தாள். அந்தப் பிள்ளையின் முதுகு அப்படி இலேசாக இருந்து நான் கண்டதில்லை. முதல் வளைவில் மறைந்துவிட்டாள், ஆனால் நெஞ்சுக்குள் ஜக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, நீலம், சிவப்பு, காற்று, பசி, நீலம், பல்லில் காற்று, சிவப்பு வருது, கை நிற்கவில்லை, பிடிக்கேல்லை, எருமை பார், பிடிக்கேல்லை, ஒட்டகம்.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜக்கெட்டைத் தடவிப் பார்த்தேன். கையை அதன் பைகளுக்குள் விட்டுப் பார்த்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. அவ்வளவு காலத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை, சூடாக இருந்தது, உள்ளே ஒருவரும் இல்லை.

உப்பின் வேலை அவ்வளவுதான் என்று ரேட்டோ பிறகு சொன்னார், தலையைச் சுவரில் முட்டி முட்டிச் சொன்னார். டிலக்சி போனபோது அந்த இடம் கல். அவள் சொன்னபோதும் கல். வலை தைத்த நேரத்தில் வெயில் விழுந்து உப்பு தன் பிடியை விட்டுவிட்டது, கல்லெல்லாம் நொறுங்கிச் சீனியாகிக் கிடந்தது, முழு வேகத்தில் வந்த பலகை அதில் புதைந்து பிடித்துக்கொண்டது, பிள்ளை தூக்கி எறிபட்டாள். சிவப்பில் கொஞ்சம் பிடித்து வந்திருந்தால் முழங்காலில் ஒரு சிராய்ப்போடு எழும்பியிருப்பாள். ரேட்டோ ஊரெல்லாம் உப்பு உப்பு என்று சொல்லிப் பார்த்தார். தமிழாட்கள் யார் கேட்டார்கள்? ஒரே ஒரு இடம்தானே என்றார்கள். என்ன சொன்னனி என்று கேட்டவர்களிடம் டிலக்சி மறைக்காமல் சொன்னாள், பிரேக் பிடிக்காத எண்டு சொன்னனான் என்றாள், அவ்வளவும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. குசினியில் இப்போது இரண்டு தகப்பன்மாருக்கும் இரண்டு மேசை. கன்டோன் அணி டிலக்சியைத்தான் கூப்பிட்டது. அவள் போகவில்லை. பலகைகளைச் சங்கத்து அறையில் சாத்திவிட்டு வந்தவள் திரும்ப அந்தப் பக்கம் போனதே இல்லை.

பல நாளுக்குப் பிறகு சாம்பவி கண் விழித்தாள். தடியை ஊன்றி அறைக்குள் நடக்கிறாள், இடது கை கரண்டி பிடிக்காது. தலையில் பட்ட அடியில் அந்த நாள் முழுக்க அவளிடமிருந்து போய்விட்டது. காலையில் பாண் தின்றது இல்லை, ரேட்டோ தடம் காட்டியது இல்லை, வோக்கி இல்லை, என் வண்டி இல்லை. அது திரும்ப வராது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். போன வருஷத்து மாசி மட்டும் அப்படியே இருக்கிறது. புல் இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, கட்டுப்போட்ட காலும் அந்தச் சரியும் இருக்கின்றன. பிறகு தாய் வந்து சொல்லியிருக்கிறார், டிலக்சிதான் பிரேக் பிடிக்க வேண்டாம் என்றவளாம் என்று. அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? தான் செய்தது திரும்பி வந்தது என்றுதான் நினைக்கும். அவள வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ, கோபமில்லை, வரவேண்டாமெண்டு மட்டும் சொல்லுங்கோ என்று தாயிடம் சொன்னாளாம். டிலக்சி பின்னேரங்களில் சாம்பவி இருக்கிற கட்டடத்துக்கு வருகிறாள். படிக்கட்டில் இருக்கிறாள். பிறகு எழும்பிப் போகிறாள்.

நான் சொல்லாமல் இருப்பேனா? ஜக்கெட்டையே கொண்டுபோய்க் கட்டிலில் வைத்துவிட்டு உங்களுக்குச் சொன்னது அத்தனையையும் சொன்னேன், எருமை, செல்லம், சப்பாத்து, ஒன்றும் விடவில்லை. அந்தச் சப்பாத்தும் சலவை அறையும் உங்கள் இரண்டு பேரையும் தவிர யாருக்கும் தெரியாது, அதைக்கொண்டாவது நம்பு பிள்ளை என்றேன். சாம்பவி கடைசிவரைக்கும் கேட்டாள். "டிலக்சிதானே இதையெல்லாம் சொல்லித்தந்து உங்கள அனுப்பினவள்?" என்றாள். இல்லை என்று பல்செட்டைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். "தாத்தா, இது மீசைக் கதையை விட நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதுதான் உங்களைப் பிடித்தேன். உங்களுடையது நம்பக்கூடிய முகம், பொய் சொன்னால் காது சிவக்கிற முகம். போய்ச் சொல்லுங்கள். பிள்ளை, அன்றைக்கு நீ அவளை நம்பினாய் என்று சொல்லுங்கள். அவள் சொன்னது அவள் சொன்ன நேரத்தில் உண்மை என்று சொல்லுங்கள். கீழே வந்து அவளிடம் ஏதோ சொல்ல வேண்டுமென்று உனக்கு அவசரமாக இருந்தது, பசியும் இருந்தது என்று சொல்லுங்கள். படிக்கட்டில் இருக்கிறவளுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னால் இன்னும் நல்லது. யார் சொன்னது என்று கேட்பாள், கட்டாயம் கேட்பாள். லிப்டில் பக்கத்தில் இருந்த யாரோ என்று சொல்லுங்கள், வலை தைத்தவர் என்று சொல்லுங்கள், வாயில் வந்த யாரையும் சொல்லுங்கள். என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பெயர் வந்தால் அந்தப் பிள்ளை சிரித்துவிடும்.